ஹட்சன் விரிகுடா ரயில் பாதை: உறைந்த பீட் நிலத்தில் மேடுகள் எல்லையில் மட்டும் ஏன் அமிழ்கின்றன

கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில் தி பா என்ற ஊரிலிருந்து ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் துறைமுகம் வரை செல்லும் ரயில் பாதையின் நீளம் சுமார் 820 கி.மீ. தண்டவாளம் 1929 மார்ச் இறுதியில் சர்ச்சிலைத் தொட்டது. அதன்பின் இந்தப் பாதையின் வடபகுதியில் நடக்கும் பராமரிப்பில் பெரும்பங்கு ஒரே வேலைதான்: அமிழ்ந்த இடத்தில் ஜல்லி கொட்டித் தண்டவாளத்தைத் தூக்குவது. தூக்கிய இடம் அடுத்த கோடையில் மறுபடி இறங்கும்.

பாதை முழுக்கச் சீராக அமிழ்ந்தால் யாரும் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் அமிழ்வு அப்படிப் பரவலாக நடப்பதில்லை. உறைந்த பீட் (மட்காத தாவரங்கள் படிந்து உருவான சதுப்பு மண்) திட்டின் நடுவில் பாதை பெரும்பாலும் நிலையாக இருக்கிறது. உறையாத சதுப்பின் நடுவிலும் ஓரளவு அடங்கிவிட்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான், சில பத்து மீட்டர் நீளத்துக்குள், குழி விழுகிறது. பீட் நிலத்தின் மீது கட்டுவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சதுப்பின் ஆழத்தையே கேட்கிறார்கள். குளிர்நாட்டில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உறைந்த பகுதி எங்கே முடிகிறது?

நிலமும் பாதையும்

பனிப்பாறைகள் பின்வாங்கியபின், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், இந்தத் தாழ்நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. பனிப்பாறைகளின் சுமை நீங்கியதால் நிலம் மெல்ல எழுந்தது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. எழுகிறது. கடல் விட்டுச் சென்ற களிமண்ணும் வண்டலும் நீரை உள்ளே விடாதவை. தரைச்சரிவும் மிகக் குறைவு என்பதால் நீர் வடிய வழியில்லை. பாசியும் கோரையும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, பல இடங்களில் 2 முதல் 3 மீட்டர் தடிமனுள்ள பீட் படலம் உருவானது. இத்தகைய நிலத்தைக் கனடாவில் மஸ்கெக் என்பார்கள். ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலத்தில் மட்டும் இது 3 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் விரிகிறது.

பாதை தெற்கிலிருந்து வடக்கே போகப் போக வெப்பநிலை மாறுகிறது. தி பாவில் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். பாதையின் இடையில் உள்ள கில்லம் ஊர்ப் பகுதியில் மைனஸ் 4 டிகிரி அளவில். சர்ச்சிலில் மைனஸ் 6.5 டிகிரி அளவில். ஆகவே தெற்கில் நிரந்தர உறைநிலம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பீட் மேடுகளுக்கு அடியில் மட்டும் இருக்கிறது. நடுப்பகுதியில் திட்டுத்திட்டாக இருக்கிறது. சர்ச்சிலை நெருங்கும்போது தொடர்ச்சியாகிறது. இந்த நடுப்பகுதிதான் பொறியாளருக்குத் தலைவலி. முழுக்க உறைந்த நிலத்துக்கு ஒரு வடிவமைப்பு போதும், முழுக்க உறையாத நிலத்துக்கும் ஒன்று போதும். இங்கே சில நூறு மீட்டருக்கு ஒருமுறை நிலத்தின் குணமே மாறுகிறது.

முதலில் பாதை நெல்சன் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த போர்ட் நெல்சனை நோக்கித்தான் சென்றது. 1927ல் பிரிட்டிஷ் துறைமுகப் பொறியாளர் ஃபிரடெரிக் பாமர் சர்ச்சிலே சிறந்தது என்று பரிந்துரைத்ததும், அமெரி என்ற இடத்திலிருந்து பாதை வடக்கே திருப்பப்பட்டது. அங்கிருந்து சர்ச்சிலுக்கு ஏறத்தாழ 250 கி.மீ. 1928-29 குளிர்காலத்தில் உறைந்து இறுகிய மஸ்கெக்கின் மேல் ஸ்லீப்பர்களையும் தண்டவாளத்தையும் நேரடியாகக் கிடத்திவிட்டு, வெயில் காலம் வந்ததும் அதே தண்டவாளத்தில் ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சாலையே இல்லாத இடத்தில் சரக்கைக் கொண்டுசெல்ல வேறு வழி இல்லை. இன்றைய கண்ணுக்கும் இது நல்ல முடிவாகவே தெரிகிறது: மேல்பாசியைக் கிழிக்காமல், மரவேர்களைப் பிடுங்காமல் வேலை முடிந்தது. சிக்கல் அதற்குப் பின் மேலே ஏறிய எடையிலும் வெப்பத்திலும் இருந்தது.

உறையாத பீட்: எடை பற்றிய கணக்கு

பீட் மண்ணின் நீரளவு உலர் எடையில் 500 முதல் 1,500 சதவீதம் வரை இருக்கும். கொள்ளளவில் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்கு நீர். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே அதிகம். ஆகவே தன் எடையால் அது தன்னை இறுக்கிக்கொள்வதே இல்லை. இயற்கை நிலையில் அதன் நடு ஆழத்தில் உள்ள செயலுறு அழுத்தம் (நீர் அல்லாமல் மண்நார்களே தாங்கும் அழுத்தம்) சில கிலோபாஸ்கல் மட்டுமே.

இதன் மேல் 2 மீட்டர் உயரச் சரளை மேடு கட்டினால் சுமை சுமார் 40 கிலோபாஸ்கல். பீட்டின் வடியா வெட்டு வலிமை (நீர் வடிய நேரமில்லாதபோது மண் சறுக்காமல் தாங்கும் அளவு) 5 முதல் 20 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும். 8 என்று எடுத்துக்கொண்டால் தாங்குதிறன் 5.14 மடங்கு, அதாவது 41 கிலோபாஸ்கல். முழு மேட்டையும் ஒரே மூச்சில் கொட்டினால் பாதுகாப்புக் காரணி ஏறத்தாழ 1. அதாவது நிற்கலாம், புரளலாம். அதனால்தான் அரை மீட்டர் அடுக்காகக் கொட்டி, நீரழுத்தம் குறையும்வரை காத்திருந்து, மேட்டின் அடிவிளிம்பு பக்கவாட்டில் நகர்கிறதா என்று அளந்துகொண்டே உயர்த்துகிறார்கள். நகர்வு நாளுக்கு நாள் குறைந்தால் தொடரலாம். ஒருநாள் திடீரென வேகம் கூடினால் லாரிகளை நிறுத்த வேண்டும். அன்றைய அடுக்கையே பின்வாங்க வேண்டி வரலாம்.

அமிழ்வு எவ்வளவு? 3 மீட்டர் பீட்டை எடுத்துக்கொள்வோம். முன்பு தாங்கிப் பழகிய அழுத்தம் 5 கிலோபாஸ்கல், புதிய அழுத்தம் 45. பத்தடுக்கு மடக்கையில் (அழுத்தம் பத்து மடங்கானால் ஒரு சுற்று) இது 0.95 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 சதவீதச் சுருக்கம் என்றால் மொத்தம் 38 சதவீதம், அதாவது சுமார் 1.15 மீட்டர். இதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே முடிந்துவிடும், ஏனெனில் புதிய பீட்டில் நீர் எளிதாக ஓடும். ஆனால் இறுக இறுக நீரோட்டம் நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிடுவதால் கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போகும்.

அதோடு முடியாது. பீட்டில் நீர் பிழிந்து வெளியேறியபின்னும் தொடரும் இரண்டாம்நிலை அமிழ்வின் குறியெண் முதல்நிலைக் குறியெண்ணில் ஏறத்தாழ 0.06 பங்கு, மண்வகைகளிலேயே இது மிக அதிகம். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு பத்தடுக்குக் காலத்துக்கும் சுமார் 7 செ.மீ. முதலாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டுவரை 7 செ.மீ., பத்திலிருந்து நூறுவரை இன்னொரு 7 செ.மீ. ரயில் பாதைக்கு இது பெரிய தொல்லையே அல்ல. உறையாத சதுப்பின் நடுவில் பாதை அடங்கிவிட்டதற்குக் காரணம் இதுதான்: தன் அமிழ்வின் பெரும்பங்கை அது தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டது.

உறைந்த பீட்: வெப்பம் பற்றிய கணக்கு

ஆண்டுச் சராசரி மைனஸ் 1 அல்லது 2 டிகிரி இருக்கும் இடத்தில்கூட பீட்டுக்கு அடியில் நிரந்தர உறைநிலம் பிழைத்திருக்கிறது. அருகே பீட் இல்லாத களிமண்ணில் அது இருப்பதில்லை. காரணம் பீட்டின் வெப்பக் கடத்தல். கோடையில் மேல்பாசி காய்ந்துவிடும். காய்ந்த பீட்டின் கடத்துதிறன் மீட்டருக்கும் டிகிரிக்கும் 0.06 வாட் அளவே. நனைந்தால் 0.5. நனைந்து உறைந்தால் 1.7ஐ ஒட்டிப் போகும். வெயில் உள்ளே இறங்கத் தடை, குளிர் உள்ளே இறங்கத் தடையில்லை: ஒருவழிக் கதவு.

மேடு கட்டும்போது இந்தக் கதவு நசுங்குகிறது. பாசி இறுகி, எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. கோடைக் காப்பு போய்விடுகிறது. மேலே நிறம் மங்கிய சரளை வெயிலை வாங்குகிறது. சுற்றியுள்ள பாசித் தரையின் கோடை வெப்பம் காற்று வெப்பத்தை ஒட்டியே இருக்க, சரளைப் பரப்பின் வெப்பம் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகலாம். மேட்டின் உச்சியில் காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால் அங்கே குளிர் நன்றாக இறங்கும். ஆனால் அதே பனி இரு பக்கச் சரிவுகளிலும் அடிவிளிம்பிலும் குவிந்து போர்வையாகிவிடுகிறது. ஆகவே மேட்டின் நடு குளிர்கிறது, ஓரம் சூடாகிறது. விரிசல்கள் முதலில் தோள்பட்டையில், பாதைக்கு இணையாகத் தோன்றுவது இதனால்தான்.

எவ்வளவு வெப்பம் போதும்? ஒரு கன மீட்டர் பனி நிறைந்த பீட்டில் சுமார் 900 கிலோ நீர் இருக்கிறது. அதை உருக்க 300 மெகாஜூல் வேண்டும். ஆண்டு முழுவதும் சதுர மீட்டருக்கு 1 வாட் மட்டும் நிகரமாக உள்ளே இறங்கினால் 31.5 மெகாஜூல், அதாவது ஆண்டுக்குப் பத்து செ.மீ. உருகும். 1 வாட் என்பது வெயிலின் கணக்கில் ஒன்றுமே இல்லை. வடிவமைப்பில் தவறு செய்ய எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பதை இந்த ஒரு எண் காட்டிவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. கில்லத்தை ஒட்டிய பீட் திட்டுகளைப் போன்ற இடங்களில் நிலத்தடி வெப்பநிலை மைனஸ் அரை டிகிரிக்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையில்தான் இருக்கும். அங்கே தெர்மிஸ்டர் (மின்வழி வெப்பமானி) பல ஆண்டுகள் மைனஸ் 0.1 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். அத்தனை காலமும் பனி உருகிக்கொண்டே இருக்கும். மறைவெப்பம் வெப்பமானியில் தெரியாது. எனவே வெப்பநிலைப் பதிவோடு, இரும்புக் கம்பியால் குத்தி உருகிய ஆழத்தையும் ஆண்டுதோறும் அளக்காத எந்தக் கண்காணிப்பும் அரைகுறைதான்.

உருகியபின் என்ன இறங்கும்? பீட் திட்டு சுற்றியுள்ள சதுப்பைவிட ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் உயர்ந்து நிற்பதே உள்ளே சேர்ந்த பனியால்தான். பனி போனால் அந்த உயரமும் போகும். பீட்டுக்குக் கீழேயுள்ள வண்டலில் கண்ணாடித் தகடுபோல் படிந்த பனியடுக்குகள் உருகுவது அதற்கு மேல்.

எல்லையில் நடப்பது

இப்போது பாதையை ஒரு திட்டின் நடுவிலிருந்து சதுப்பை நோக்கி நடந்து பார்ப்போம். நடுவில் உறைநிலம் தடிமனாக, கொஞ்சம் குளிராக இருக்கிறது. மேலிருந்து மட்டுமே வெப்பம் வருகிறது. விளிம்பை நெருங்கும்போது பக்கத்திலிருந்தும் வெப்பம் வருகிறது, ஏனெனில் சதுப்பில் தேங்கிய நீர் கோடை வெயிலைச் சேமித்து வைக்கிறது. உறைநிலம் அங்கே மெல்லியதாக, பூஜ்ஜியத்தை உரசிக்கொண்டிருக்கிறது. மேடு கூட்டிய அந்த ஒரு வாட், நடுவில் பல பத்தாண்டுகள் எடுத்துச் செய்வதை விளிம்பில் சில ஆண்டுகளில் செய்துவிடுகிறது. தாண்டினால் சதுப்பு, அங்கே உருகப் பனியே இல்லை. ஆகக் குழி விளிம்பில்தான் விழ முடியும்.

எல்லைக்கோடு பாதையைச் செங்குத்தாக வெட்டுவது அரிது. சாய்வாகவே வெட்டும். அப்படியானால் இடது தண்டவாளத்துக்கு அடியில் உருகல் தொடங்கும்போது வலதுக்கு அடியில் இன்னும் தொடங்கியிருக்காது. சில மீட்டர் தள்ளி நிலைமை தலைகீழாகும். தண்டவாளம் முறுக்கிக்கொள்கிறது. நீளவாட்டில் ஒரே சீராக 10 செ.மீ. தாழ்ந்த பாதையில் ரயில் மெதுவாகப் போய்விடும். அதே 10 செ.மீ. இரு தண்டவாளங்களுக்கு இடையே குறுகிய நீளத்தில் மாறினால் பெட்டியின் ஒரு சக்கரம் சுமை இழந்து தண்டவாளத்தின் மேல் ஏறும். வடபகுதியில் வேகக் கட்டுப்பாடுகள் இருப்பதன் பொறியியல் காரணம் பெரும்பாலும் இந்த முறுக்குதான், குழியின் ஆழம் அல்ல.

வழக்கமான பதில், ஜல்லி போட்டுத் தூக்குவது. உடனடிப் பயன் உண்டு. வேறு எதுவும் அன்று மாலையே ரயிலை ஓடவிடாது. ஆனால் ஒவ்வொரு தூக்கலும் மூன்று கேடுகளைச் செய்கிறது. முதலாவது எடை: ஆண்டுக்கு 10 செ.மீ. வீதம் முப்பது ஆண்டு தூக்கினால் 3 மீட்டர் ஜல்லி கீழே போயிருக்கும். நீருக்குள் மூழ்கிய எடையாகக் கணக்கிட்டாலும் 30 கிலோபாஸ்கல் கூடுதல் சுமை. இரண்டாவது நீர்: ஜல்லி நிரம்பிய குழி நிலத்தடிக் கிண்ணமாகிறது, சுற்றியுள்ள நீர் அதற்குள் வடிந்து தேங்கி, ஆழத்துக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. மூன்றாவது அகலம்: ஜல்லி உருண்டு பக்கச் சரிவு பரந்து, இதுவரை தீண்டப்படாத பாசியையும் நசுக்குகிறது, பனி குவியும் இடமும் கூடுகிறது. நோயைத் தள்ளிப்போடும் மருந்தே நோய்க்கு உணவாகிறது. இது பராமரிப்புக் குழுவின் குற்றமல்ல. கையில் வேறு கருவி கொடுக்கப்படாததன் விளைவு.

தந்திக் கம்பங்களும் பாலக் கால்களும்

இந்தப் பாதையோரம் பழைய தந்திக் கம்பங்கள் மூன்று மரக்கால்களை முக்காலியாகக் கட்டி, நிலத்தின்மேல் வெறுமனே நிறுத்தப்பட்டிருக்கின்றன. குழி தோண்டி நட்ட கம்பத்தைக் குளிர்காலம் பிடுங்கித் தள்ளிவிடும் என்பதே காரணம். கோடையில் இளகும் மேல்படலம் உறையும்போது கம்பத்தைப் பற்றிக்கொண்டு மேலே இழுக்கிறது. உருகும்போது அடியில் சேறு புகுந்து கம்பம் திரும்ப இறங்காமல் தடுக்கிறது.

பாலத்தின் பைல்களுக்கும் (நிலத்தில் ஆழமாக இறக்கிய தாங்குகால்களுக்கும்) இதே விசைதான். 324 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய், உறையும் படலம் 1 மீட்டர், உறைபிடிப்பு அழுத்தம் (உறைந்த மண் குழாயைப் பற்றும் விசை) 150 கிலோபாஸ்கல் என்றால் மேல்நோக்கிய விசை சுமார் 150 கிலோநியூட்டன், அதாவது 15 டன். கனமான பாலத்தில் இது அடங்கிவிடும். சிறிய மரப்பாலத்தில் நிலைச்சுமை காலுக்கு அவ்வளவு இருக்காது. கால்கள் ஆண்டுக்குச் சில செ.மீ. எழும். அப்போது பாலம் எழுந்து, அணுகுமேடு அமிழ்ந்து, இரண்டுக்கும் நடுவே படி விழும். தடுக்க வேண்டுமானால் பைலை இளகும் படலத்தைப்போல் பல மடங்கு ஆழத்துக்குக் கீழே, பனிக்கோர்வை குறைந்த கடினமண்ணிலோ பாறையிலோ ஊன்ற வேண்டும். மேல்பகுதிக்கு வழுக்கும் உறை போடுவது கூடுதல் காப்பு. அது மட்டும் போதாது.

நீர்: 2017ல் நடந்தது

2017 மார்ச் மாதம் சர்ச்சில் பகுதியில் கடும் பனிப்புயல் அடித்தது. அந்த வசந்தத்தில் பனி உருகியபோது வெள்ளம் பாதையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. மே 23 முதல் கில்லத்துக்கு வடக்கே ரயில் நின்றது. சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. 2018 அக்டோபர் இறுதியில்தான் முதல் ரயில் திரும்பப் போய்ச் சேர்ந்தது.

பீட் சமவெளியில் நீர் ஓடையாக ஓடுவதில்லை; தரை முழுக்க மெல்லிய படலமாக நகர்கிறது. குறுக்கே மேடு வந்தால் அது நீள அணைதான். மேல்பக்கம் நீர் தேங்கி, கீழ்ப்பக்கம் பீட் காய்கிறது. தேங்கிய நீர் கோடையில் உறைநிலத்தை உருக்கும், வசந்தத்தில் மேட்டை அரிக்கும். இரண்டு சேதத்துக்கும் ஒரே மூலம். நீர் மேட்டைக் கடந்துபோக இடையில் போட்ட கல்வெர்ட் குழாய் நடுவில் அமிழ்ந்து தொட்டில்போல் வளைகிறது. அந்தத் தாழ்வில் இலையுதிர்கால நீர் நின்று உறைகிறது. வசந்தத்தில் வெள்ளம் வரும் வாரத்தில் குழாய் பனிக்கட்டியால் அடைபட்டிருக்கும். காற்றில் இருக்கும் முனைகள் முதலில் உருகிவிடுவதால் வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருப்பதாகவே தோன்றும்.

இதற்கு நடைமுறை விதிகள் சில. ஒரு பெரிய குழாய்க்குப் பதில் பல சிறியவை, வெவ்வேறு மட்டத்தில். ஒன்றாவது பனிக்கு மேலே இருக்கும்படி. நடுவில் எதிர்பார்க்கும் அமிழ்வின் அளவுக்கு முன்கூட்டியே மேல்வளைவு, பெரும்பாலும் 30 முதல் 50 செ.மீ. நெளிவுத் தகட்டுக் குழாயே நல்லது. கான்கிரீட் குழாயின் மூட்டுகள் பிரிந்துவிடும். குழாய் வாயில் திட்டின் எல்லையில் வரக்கூடாது. உறையாத சதுப்பின் தாழ்ந்த புள்ளியில் வர வேண்டும். வெள்ளத்துக்கு முன் குழாயைத் திறக்க, உள்ளே ஒரு மெல்லிய நீராவிக் குழாயை நிரந்தரமாகக் கட்டி வைப்பது குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

எல்லையை முன்கூட்டியே கண்டுபிடிப்பது

வான்படத்தில் தொடங்க வேண்டும். உயர்ந்த தரையில் கரும் ஸ்ப்ரூஸ் மரமும் வெளிறிய லைக்கனும் இருந்தால் அடியில் உறைநிலம் இருக்க வாய்ப்பு அதிகம். கோரை நிறைந்த ஈரத்தரை உறையாதது. விளிம்பில் மரங்கள் கண்டபடி சாய்ந்து நின்றால் அந்த விளிம்பு ஏற்கெனவே உருகிக்கொண்டிருக்கிறது. பழைய படமும் புதிய படமும் கிடைத்தால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எல்லை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

அடுத்தது கம்பிக் குத்தல். செப்டம்பரில், உருகிய ஆழம் அதன் உச்சத்தில் இருக்கும்போது, விரல் தடிமன் எஃகுக் கம்பியை மைய அச்சிலும் இருபக்க அடிவிளிம்பிலும் 10 மீட்டருக்கு ஒன்றாகக் குத்த வேண்டும். எல்லை எனச் சந்தேகிக்கும் இடத்தில் 2 மீட்டருக்கு ஒன்று. ஜூனில் குத்தினால் பருவப் பனியையே நிரந்தர உறைநிலம் என்று எழுதிவிடுவோம். அறிக்கைகளில் அடிக்கடி காணும் பிழை இது. கம்பிக்கு எட்டாத ஆழத்தை மின்தடை அளவீடு காட்டும்: உறையாத கடல்களிமண் சில பத்து ஓம் மீட்டர், பனி நிறைந்த மண் ஆயிரத்துக்கு மேல். தரை ஊடுருவும் ரேடார் பீட்டில் நன்றாக வேலை செய்யும், களிமண்ணில் செய்யாது. ஆகவே பீட்டின் அடிமட்டத்துக்கு ரேடார், பனியின் அடிமட்டத்துக்கு மின்தடை.

மாதிரி எடுப்பது குளிர்காலத்தில். உறைந்த பீட்டை வட்டப்பல் குழாயால் அறுத்து எடுத்து, உறைந்தபடியே ஆய்வகம் கொண்டுசேர்த்து, எடை ஏற்றிய நிலையில் உருகவிட்டு எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க வேண்டும். உருகிய மாதிரியில் அளக்க எதுவும் மிஞ்சாது. உறையாத பீட்டைக் கையில் பிழிந்து எவ்வளவு மட்கியிருக்கிறது என்பதை ஃபான் போஸ்ட் அளவுகோலில் எச்1 முதல் எச்10 வரை தரம் பிரிப்பது இன்றும் மிக மலிவான, மிகப் பயனுள்ள சோதனை: எச்1ல் தெளிந்த நீர் வரும், எச்10ல் முழுப் பீட்டும் விரலிடுக்கில் வழிந்துவிடும். இலைபோன்ற தகடுகளை மண்ணில் இறக்கித் திருகும் வேன் சோதனை காட்டும் வலிமையை அப்படியே நம்பக்கூடாது. நார்கள் வேனின் இலைகளைச் சுற்றிக்கொண்டு வலிமையைக் கூட்டிக் காட்டும். பாதியாகக் குறைத்துக்கொள்வது பொதுவான எச்சரிக்கை.

என்ன செய்யலாம்

உறையாத பீட் 3 முதல் 4 மீட்டருக்குள் இருந்தால் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்புவது சரி. அதையே உறைந்த திட்டில் செய்தால் ஒருவழிக் கதவைக் கழற்றி எறிந்ததாகும். ஒரே ஒப்பந்தத்தில் ஒரே குறிப்பு இரண்டு நிலங்களுக்கும் எழுதப்படும்போது இந்தத் தவறு நேர்கிறது.

உறைந்த பகுதியில் மரங்களைத் தரைமட்டத்தில் கையால் வெட்டி, வேரையும் பாசியையும் விட்டுவிட வேண்டும். முதல் பனி விழுந்ததும் எடை குறைந்த பட்டைச் சக்கர வண்டியால் பனியை மிதித்து இறுக்கினால் குளிர் வேகமாக இறங்கும். தரை கெட்டிப்பட்டபின் கனரக வண்டிகள். நிரப்பும் பொருள் உலர்ந்த சரளையோ உடைத்த கல்லோ மட்டுமே. உறைந்த மண்கட்டிகளைக் கொட்டினால் கோடையில் மேடே இளகி உட்காரும்.

எல்லைப் பகுதியில் இரண்டு நேர்மையான வழிகள்தான் உண்டு: உறையவைத்துப் பிடித்துக்கொள்வது, அல்லது உருகவிட்டுத் தாங்கிக்கொள்வது. நடுவில் நிற்பதுதான் ஜல்லிச் சுழல்.

உறையவைக்க, தெர்மோசைபன். மூடிய குழாயில் கார்பன் டைஆக்சைடோ அம்மோனியாவோ இருக்கும். காற்று நிலத்தைவிடக் குளிராக இருக்கும்போது திரவம் அடியில் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து திரும்ப வழியும். கோடையில் தானாக நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம், அசையும் பாகம் இல்லை. அலாஸ்காவைக் கடக்கும் எண்ணெய்க் குழாயின் தாங்குகால்களில் இப்படி சுமார் 1,24,000 குழாய்கள் உள்ளன. ஹட்சன் விரிகுடாப் பாதையின் குழிகளிலும் 1970களின் பிற்பகுதியில் இவற்றைச் சோதித்தார்கள். ஜனவரிச் சராசரி மைனஸ் 25 டிகிரியை ஒட்டும் இடத்தில் குளிருக்குப் பஞ்சமில்லை. ஒரு குழிக்கு இருபுறமும் 2 முதல் 3 மீட்டர் இடைவெளியில் வரிசை வேண்டும் என்பதும், குழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்பதும்தான் தடை. குழாய் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது எளிது: கடுங்குளிர் நாளில் அகச்சிவப்புக் கேமராவில் அதன் துடுப்புகள் காற்றைவிட வெப்பமாகத் தெரிய வேண்டும். மேல்முனை மட்டும் குளிர்ந்து தெரிந்தால் உள்ளே திரவமாகாத வாயு சேர்ந்து அடைத்திருக்கிறது. அம்மோனியாக் குழாய்களில் ஹைட்ரஜன் இப்படித் தொல்லை கொடுத்ததுண்டு.

காப்புப் பலகை மட்டும் போட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காப்பு எதையும் குளிர்விப்பதில்லை. இருபுறமும் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. போடுவதானால் குளிர்காலத்தின் முடிவில், நிலம் மிகக் குளிர்ந்திருக்கும்போது, தெர்மோசைபனோடு சேர்த்துப் போட வேண்டும். பெரிய கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிக் குளிர்காற்றை உள்ளே சுழலவைக்கும் மேடு வேறு நிலங்களில் நன்றாக வேலை செய்கிறது. பீட்டில் அதன் எடையும், கல்லிடுக்கை அடைக்கும் பனியும் எதிராக நிற்கின்றன.

உருகவிட்டுத் தாங்கிக்கொள்வது தெற்குப் பகுதிக்குப் பொருத்தம். அங்கே எஞ்சிய பனி குறைவு, காற்றும் வெப்பமாகிவருகிறது. முடியுமானால் கட்டுமானத்துக்கு ஓரிரு ஆண்டு முன்பே மரத்தையும் பாசியையும் அகற்றி உருகவிட்டு, கூடுதல் எடை ஏற்றி இறுக்கிவிடலாம். இருக்கும் பாதையில் அது முடியாது. அங்கே மேட்டின் எடையைக் குறைப்பதே வழி. நார்வேயில் 1972ல் ஃப்ளோம் என்ற இடத்தில், 3 மீட்டர் பீட்டின் மேல் அமிழ்ந்துகொண்டே இருந்த பாலத்தின் அணுகுசாலையில் 1 மீட்டர் நிரப்பை எடுத்துவிட்டு ஃபோம் பாலிஸ்டைரின் கட்டிகளை வைத்தார்கள். சாலை மேடுகளில் இந்தப் பொருளின் பயன்பாடு அங்கிருந்துதான் தொடங்கியது. கட்டிகளின் எடை மண்ணின் எடையில் நூறில் ஒரு பங்கு அளவே. ஆனால் வெள்ளமட்டத்துக்குக் கீழே வைத்தால் மிதக்கும், டீசல் கசிந்தால் கரையும். மேலே கான்கிரீட் பலகையும், கசிவைத் தடுக்கும் விரிப்பும், மிதப்பை மீறும் எடையும் வேண்டும்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் குழிக்குக் குழி பதிவேடு வைக்காமல் முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு தூக்கலின் தேதி, இடம், இடது வலது உயர வேறுபாடு, கொட்டிய ஜல்லியின் கன அளவு, செப்டம்பரில் கம்பி இறங்கிய ஆழம்: ஐந்து எண்கள். கம்பியின் ஆழம் கூடாமல் ஜல்லி மட்டும் போய்க்கொண்டிருந்தால் அங்கே பீட் பக்கவாட்டில் பிதுங்குகிறது. குளிரூட்டுவது வீண்செலவு, பிதுங்கலைத் தடுக்க இருபுறமும் தாழ்ந்த பக்கமேடு கட்ட வேண்டும். ஆழமும் கூடினால் உருகல் நடக்கிறது. தெர்மோசைபன் பேச்சுக்கு இடமுண்டு. தூக்கல்களுக்கு இடையிலான காலம் தானாக நீண்டுகொண்டே போனால் பனி தீர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் குழியில் பணத்தைக் கொட்டாமல் இன்னும் சில ஆண்டுகள் ஜல்லியோடு விட்டுவிடலாம்.